ஒரு சொல்லைத் திருத்தியது

லூயிஷாம், லண்டன்
மார்ச் 1991

அன்புள்ள மச்சான்,

நீ பிரெஞ்சிலிருந்து தமிழாக்கி, பாரிசிலிருந்து அனுப்பிய நாவலைப் படித்து முடித்துவிட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே எழுத வந்தவர்களுக்கு உணர்ச்சியைப் பேசுவதில் நம்பிக்கை போய்விட்டது, மேசை கதிரையையும் கதவையும் சொன்னாலே போதும் என்று நினைத்தார்கள் என்றாய். இது நாவலா, தளபாடக் கடை விளம்பரமா என்று சிரித்தேன்.

இங்கே சமையலறையில் இரண்டு கதிரைகள் இருக்கின்றன. கதவுக்குப் பின்னால் என் கோட் மட்டும் தொங்குகிறது. அலுமாரிக்கு மேலே, சூட்கேஸ் இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை.

கடைசி அத்தியாயத்தில் அந்த மனிதன் மனைவியிடம் "போறன்" என்கிறான். அதை வெட்டி, "போட்டு வாறன்" என்று திருத்தியிருந்தேன். வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற எந்தத் தமிழனும், திரும்பி வருவதைச் சொல்லாமல், வெறும் "போறன்" என்று சொல்லமாட்டான் என்று ஓரத்தில் உனக்குப் பாடம் வேறு எடுத்திருந்தேன்.

பால் வாங்க முனைக் கடைக்குப் போனாலும் உன் தங்கச்சி "போட்டு வாறன்" என்றுதான் சொல்லுவாள். சனிக்கிழமை நான் உன் பக்கங்களோடு இருந்தபோது, வாசலில் நின்று, "நான் போறன்" என்றாள்.

"போட்டு வாறன் எண்டு சொல்லும்" என்றேன், தாளிலிருந்து நிமிராமலே.

அவள் திருத்திச் சொல்லவில்லை. கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

அங்கே வந்தாளென்றால், அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, பார்த்துக்கொள். கடைசி அத்தியாயத்தில் என் திருத்தத்தை அழித்துவிடு. நீ எழுதியதுதான் சரி.

இப்படிக்கு,
இன்னும் உன் மச்சான்தானா என்று தெரியாத
நான்