கோபியோடு சண்டை போட ஓர் ஆள்

ஜூன் 3, செவ்வாய்
கோபியைப் பெங்களூர் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவனே வந்து சொன்னான். "இன்னும் ஒத்துக்கலீங்க அக்கா. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல? ஏற்காட்டு விடுதிகளில் பாதி, எங்கள் மென்பொருளில்தான் அறை பதிவு செய்கின்றன. நான் முதலாளி என்று பெயர். அந்த மென்பொருளை எழுதியதெல்லாம் தலைச்சோலைக் கிராமத்துக் கோபி. அவன் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

ஜூன் 4
"சம்பளத்தைக் கூட்டிக் குடு, நிப்பான்" என்றார் பென்னி. என் வீட்டுக்காரருக்கு எல்லாமே எளிது. கூட்டினேன். "நொம்ப நன்றிங்க அக்கா" என்றான் கோபி. நிற்கிறேன் என்று சொல்லவில்லையே!

ஜூன் 6
புது நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சுற்று சுற்றினான். அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்
ஏரிக்கரை பஜ்ஜிக் கடையில் வைத்து நேராகவே கேட்டுவிட்டேன். "ஏங் கண்ணு, இங்க என்னதான் கொறை?"

மிளகாய் பஜ்ஜியைப் பிய்த்தபடி யோசித்தான். "கொறையெல்லாம் இல்லீங்க. நான் எதை எழுதினாலும் எல்லாரும் சூப்பர்ங்கறீங்க. தப்புன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. இப்படியே இருந்தா மந்தமாயிருவேன் அக்கா."

அந்த 'சூப்பர் கோபி'யை அதிகம் சொன்னது நான்தான். அதுவா இவனைப் பெங்களூருக்குத் தள்ளுகிறது? சிரிப்பதா, அழுவதா!

ஜூன் 12
இவனைவிடத் தெரிந்தவர் இந்த மலையில் எங்கே கிடைப்பார்? கிடைத்தாலும் — இவன் மனம் நொந்து உடனே கிளம்பிவிட்டால்?

ஜூன் 20, வெள்ளி
கிடைத்துவிட்டாள். ரம்யா. சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவள், குழந்தை பிறந்ததும் பக்கத்துக் கிளியூருக்கு அம்மா வீட்டோடு வந்துவிட்டாள். நேர்முகத்துக்குக் கோபியையும் உட்கார வைத்து, அவன் எழுதியதை அவளிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ரெண்டு பேரு ஒரே நேரத்துல ஒரே ரூமைக் கேட்டா, ரெண்டு பேருக்கும் குடுத்துருமே?"

கோபியின் காது சிவந்தது. "குடுக்காதுங்க."

"பாத்தர்லாமா?"

ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் தட்டினார்கள். இருவருக்கும் அதே அறை!

கோபி எழுந்து வெளியே போனான். போச்சு, நானே கெடுத்துக்கிட்டேன், எனக்கு இது தேவையா — அவ்வளவுதான் என்று இருந்தேன். சற்று நேரத்தில் மூன்று டீயோடு திரும்பி வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. "ஏனுங்க, நீங்க எப்ப சேர்றீங்க?" என்று அவளிடம் கேட்டான்.

ஜூன் 27
ரம்யா சேர்ந்துவிட்டாள். பெங்களூர் பற்றிக் கோபி வாய் திறக்கவில்லை. எனக்கும் கேட்கப் பயம்.

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து ஆபீஸில் ஒரே சத்தம்.

"நீங்க சொல்றது தப்புங்க ரம்யாக்கா!"

"எது தப்பு? எழுதிக் காட்டு சாமி, பாக்கறேன்!"

கோபி போர்டு முழுக்கக் கட்டங்களாக வரைந்துகொண்டிருந்தான். நடுவில் போய் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "பெங்களூர்க்காரங்களுக்கு என்னப்பா பதில் சொன்ன?"

"அதுங்களா? போன வாரமே வேண்டாம்னுட்டனுங்களே" என்றான், என் பக்கம் திரும்பாமலே. "கொஞ்சம் நகருங்க அக்கா. போர்டை மறைக்கறீங்க."

நகர்ந்தேன்.