மாமாவின் குரல், என் லேப்டாப்பில்

மார்ச் 4

மாமாவுக்கு, என் கணவரின் அப்பாவுக்கு, குரல்வளையை எடுப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் அவர் குரலைப் பதிவு செய்துகொண்டார்கள். அதைவைத்து ஒரு மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். தட்டச்சு செய்தால் அவர் குரலிலேயே பேசுமாம், ஆனால் விண்டோஸில் மட்டும். வீட்டில் இருப்பதோ லினக்ஸ் போட்ட என் பழைய லேப்டாப். புதிது வாங்கலாம் என்றேன்.

"நீதான் கம்ப்யூட்டர்ல புலியாச்சே, இதுலயே ஓட்டேன்," என்றார் கணவர்.

புலி போய்ப் பாத்திரம் தேய்த்தது.

மார்ச் 7

வைன் போட்டேன். லினக்ஸில் உட்கார்ந்துகொண்டே, விண்டோஸில் இருப்பதாக மென்பொருளை நம்பவைக்கும் இடைத்தரகர் அது. நம்பிவிட்டது. இது என் வீடு என்று நானும்தான் பன்னிரண்டு வருடமாக நம்புகிறேன்.

மார்ச் 8

பேசியது, வாத்துக் குரலில். ஒலியின் வேகம் பொருந்தவில்லை. நாத்தனார் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா தான் எழுதிக் காட்டும் சிலேட்டை என்மேல் வீசினார். யானை படுத்தாலும் குதிரை மட்டம்.

மார்ச் 10

வேகத்துக்கு ஓர் எண் இருந்தது. மாற்றினேன். அந்தக் குரல், அப்படியே! கணவர் குலுங்கி அழுதார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒற்றை விரலால் தட்டினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நின்றேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மலடி, தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்காத."

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்பா பழையபடி ஆயிட்டாரு!" என்று நாத்தனார் கைதட்டினாள்.

மார்ச் 11

சிலேட்டில் அவர் எழுதும்போது அந்த வார்த்தையை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். குரலை எதைக்கொண்டு துடைப்பது?

மார்ச் 12

எண்ணைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டேன். "லினக்ஸ்ல இவ்ளோதாங்க வரும். அன்னிக்கு வந்தது ஏதோ அதிர்ஷ்டம்," என்றேன் கணவரிடம். தலையாட்டினார்.

ஏப்ரல் 2

மாமா பேச்சைக் குறைத்துவிட்டார். வாத்து அதட்டினால் யார் பயப்படுவார்கள்? "தாத்தா, இன்னொரு தடவ!" என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

பாவமாக இருக்கிறதா எனக்கு? இல்லை. இனிக்கிறது.

ஏப்ரல் 19

எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மாத்திரை கொடுக்கப் போனேன். அவராகவே லேப்டாப்பை இழுத்துத் தட்டினார்.

"உன்ன ரொம்பப் பேசிட்டேம்மா. மனசுல வச்சுக்காத."

வாத்துக் குரலில். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஐயோ, இதுக்காகத்தானே இத்தன வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்! இப்படியா வரணும்? அவரோட சொந்தக் குரல்லதானே நான் கேக்கணும்!

லேப்டாப்பைப் பிடுங்கி எண்ணை மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மெதுவாகத் தட்டினார்.

அதே கனத்த குரல், பிசிறில்லாமல்.

"அப்ப இத்தன நாளும் நீதானா?"

கணவர் என் பின்னால்தான் நின்றிருந்தார்.

ஏப்ரல் 21

புது லேப்டாப் வந்துவிட்டது. விண்டோஸ். அதை நான் தொடக்கூடாதாம். கூடத்தில் மாமா பேசுவது சமையலறை வரை தெளிவாகக் கேட்கிறது.