ஆட்டோவில் வந்த சீர்

கோச்சடை
7.7.2025

அன்புள்ள அழகம்மாள் அக்காவுக்கு,

உன் தம்பி நல்லகாமன் எழுதுவது. இனி என்னோடு பேச்சே கிடையாதென்றுதானே சத்தியம் செய்தாய்? எழுதக் கூடாதென்று சொல்லவில்லையே! அத்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குக் கொட்டுமேளத்தோடு சீர்த்தட்டைச் சுமந்து வராமல் ஆட்டோவில் வந்து இறங்கினேனே, அது திமிர் இல்லை அக்கா. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது. நின்றால் விடுகிறது. தெருவில் நின்று நின்று, போனைப் பார்ப்பதுபோல் நடித்தே நாளை ஓட்டினேன். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாம். புதன்கிழமை பலூன் வைத்து விரிக்கிறார்கள். உன் மகள் தாமரைச்செல்வி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரை நடந்தே கொண்டு வருவேன்.

உன் தம்பி,
நல்லகாமன்

வில்லாபுரம்
8.7.2025

கூறுகெட்ட தம்பிக்கு,

இப்படி ஒரு காலை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறாயே, நீயெல்லாம் மனுஷனா? "உன் தம்பிக்கு நம்ம தெருவுல நடக்கக் கவுரவம் குறையுதோ?" என்று நாத்தனார் கேட்டதில்தான் எனக்கு அம்புட்டுக் கோபம்.

பயமாக இருக்கிறதடா. காலை எடுத்துவிட மாட்டார்களே? சீர் கிடக்கட்டும், நீ நல்லபடியாக வந்தால் போதும். இனிமேல் பீடியைத் தொட்டால் எழுதவும் மாட்டேன்.

அக்கா

கோச்சடை
20.7.2025

அக்காவுக்கு,

கால் இருக்கிறது!

முழித்தபடிதான் படுத்திருந்தேன். பலூனை விரித்த பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தில் ரத்தம் ஜம்மென்று ஓடியது. "முடிஞ்சுச்சுல்ல, கிளம்பட்டுமா?" என்றேன். டாக்டர் வசுந்தரா சிரித்துவிட்டு, "இருங்கண்ணே, உள்ள போயும் ஒருதரம் பாத்துருவோம்" என்றார். ஒலியலையால் படம் பிடிக்கிற மெல்லிய கம்பியைக் குழாய்க்குள்ளேயே விட்டார். பார்த்தால், குழாய் நினைத்ததைவிடப் பெரிசு, போட்ட பலூன் சின்னது. அடைப்பு சரியாக விரியவே இல்லை! பெரிய பலூன் வைத்து, மறுபடி கம்பியை விட்டுப் பார்த்த பிறகுதான் என்னை எழ விட்டார். நாம் மட்டும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவோமா?

இன்று வைகைக்கரை வரைக்கும் நடந்தேன். கால் கவ்வவே இல்லை. பீடியை விட்டாயிற்று, சத்தியம்.

நல்லகாமன்

கல்யாண மண்டபம்
31.8.2025

தம்பிக்கு,

நாத்தனாருக்கு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்க்கட்டும். ஆனால் நீ வீம்பு பிடிக்காதே. தெருமுனையில் ஆட்டோ நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வலித்தால் ஏறிக்கொள். எவளாவது வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தான் இந்தக் கடிதத்தோடு எதிரே வருவார்.

கொட்டுச் சத்தம் கேட்கிறது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஆட்டோவில் வாழைத்தார் மட்டும் சொகுசாக உட்கார்ந்து வருகிறது. பின்னால், தலையில் தட்டோடு நீ. அடப்பாவி, ஆட வேறு செய்கிறாயே!

அத்தானை நிறுத்திவிட்டேன். இதை எதற்கு அனுப்ப வேண்டும்? வாசலுக்கு வாரேன், வாயாலேயே திட்டிக்கொள்கிறேன்.