கோயில் வளைவு வரைக்கும் வந்த பஸ்

அன்புள்ள மகள் நிலக்ஷிக்கு,

அம்மா எழுதுவது. கொழும்பில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கே நாங்களும் ஆடும் மிளகாய்ச் செடியும் சுகம். போன் இருக்கும்போது காகிதத்தோடு வந்ததற்குக் கோபிக்காதே. உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்ததில் பாதி மறந்துவிடுகிறது.

பஸ் வந்துவிட்டது பிள்ளை. அரசாங்கச் செலவில், சிவப்பு பஸ், நம் கோயில் வளைவு வரைக்கும் காலையும் மாலையும் வருகிறது. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா அதற்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார். ஏறிய பெண்கள் எல்லாரும் தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பழக்கத்தில் கண்டக்டரிடமும் வரிசையாகப் பேரைச் சொன்னோம். அந்தச் சிங்களத் தம்பி சிரித்துக்கொண்டே, "பேர் வேணாம் அக்கே, எறங்குற எடத்தச் சொல்லுங்க" என்றான். ஹட்டன் டவுன் வரைக்கும் சிரிப்புத்தான். வாங்க ஒன்றுமில்லாமலே போய்விட்டு வந்தோம்.

நீ அன்றைக்குச் சொன்னாய், "நட்டத்துல ஓடுற பஸ்ஸுக்குக் கொட்டுறதவிடப் பெரிய மொதலாளிமாருக்கு வரியக் கொறச்சா அவங்க வேல குடுப்பாங்கம்மா" என்று. உன் ஆபீசில் அவர்களுடைய வரியைத்தானே பார்க்கிறாய், அப்படித்தான் தெரியும். முன்பு வரி குறைத்த காலத்தில் நம் லயத்து வீட்டுக் கூரையில் ஒரு தகரமும் மாறவில்லை. இப்போது ஓட்டோக் காசு மிஞ்சியதில் நான் கோழி வாங்கினேன், அக்கா காலுக்குச் சப்பாத்து வாங்கினார், ஊரே வாங்கியதில் சப்பாத்துக் கடைக்காரர் ஆள் போதாமல் அக்காவின் மகள் சர்மிளாவை வேலைக்கு எடுத்துவிட்டார். இது எந்தப் பெரிய முதலாளி கொடுத்த வேலை என்று கேட்டு உன் அப்பா அடுப்படியில் ஓர் ஆட்டம் போட்டார், தேத்தண்ணி கொட்டியது.

ஆனால் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்துவிட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நசுங்கக்கூடாது என்று, டவுனுக்குப் போகிற பெரியவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் நடந்தோம், போகிற பஸ்ஸுக்கு டாட்டாகூடக் காட்டினோம். பிள்ளைகளுக்கு மாதச் சீசன் டிக்கட், கண்டக்டர் கையில் காசு விழாது. பஸ் ஓடுவதைப் பார்க்க வந்த அதிகாரி, காசு கொடுத்து ஏற ஆளில்லை, நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இப்போது முட்டிமோதி ஏறுகிறோம், அக்கா ஆட்டையும் ஏற்றப் பார்த்தார். மாதக் கடைசி வெள்ளி காலை அந்த அதிகாரி திரும்ப வந்து முடிவு சொல்வார். எனக்குக் கடையில் சாமான் கேட்கிற அளவுச் சிங்களம்தான் தெரியும், அதிகாரியைக் கண்டால் அதுவும் ஓடிவிடும்.

மழையில் நனையாதே. ராத்திரி வெறும் பிஸ்கட்டோடு படுக்காதே. அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம்.

உன் அம்மா,
ஜீவராணி

கேட்க வந்தது இதுதான். அந்த வெள்ளிக்கு முந்தின நாள் ஹட்டனில் இறங்கி, மாலை அந்த பஸ்ஸிலேயே வா. காலையில் அந்த அதிகாரியிடம் எங்களுக்காகச் சிங்களத்தில் பேசு. நீ நம்பாத எதையும் சொல்லவேண்டாம் மகள். வரும் வழியில் பஸ்ஸுக்குள் பார்த்ததை மட்டும் சொல்.