வெளிறிய பச்சை

14-8-1963
ஜவுளிக்கடை ரஹமத்துல்லா பாய் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். படியேறினால் நெஞ்சைப் பிடிக்கிறதாம். டாக்டர் கொலஸ்டிரால் பார்க்கச் சொன்னார். எங்கள் கிளினிக்கில் ரத்தம் சோதிப்பது என் வேலை; மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் இந்தச் சோதனை வரும். மருந்தை ஊற்றினால் பச்சை நிறம் ஏறும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு கொழுப்பு. இன்று வெளிறிய பச்சைதான். 168 என்று எழுதிக் கொடுத்தேன். அளவு தெரிந்த கரைசலையும் கூட வைத்து ஒத்துப் பார்ப்பது முறை — பார்க்கவில்லை. நாளை மாதா திருநாள். கோயிலில் பாட்டு ஒத்திகைக்கு ஆர்மோனியம் நான்தான், நேரமாகிவிட்டது.

17-8
பாய் வந்தார். "கொழுப்பு கம்மிதான், வாயுவா இருக்கும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். மாதக்கணக்காகப் பயந்து கஞ்சி குடித்துக் கிடந்த மனிதர். "நல்ல சேதி எழுதின கைக்கு எங்கூட்டுச் சோறு தம்பி" என்று தூக்குப் பாத்திரத்தை வைத்தார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, அவர் மனைவி ரபியா சமைத்தது. நானும் என் பெண்டாட்டி இன்பமேரியும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இன்னொருத்தர் வைத்த கறியை அவள் புகழ்ந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

20-8
இன்னொருவருக்கு அதே சோதனை. தடித்த ஆள், கண் இமையில் மஞ்சள் கொழுப்புத் திட்டு. அவருக்கும் வெளிறிய பச்சை. சந்தேகப்பட்டு அளவு தெரிந்த கரைசலைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் வெளிறியே நின்றது. புட்டியைத் திருப்பினால் மூடியில் கீறல். மழை ஈரம் இறங்கி மருந்து கெட்டிருக்கிறது. புதுப் புட்டி திறந்து மறுபடி செய்தேன் — 290.

அப்படியானால் பாய்?

டாக்டரிடம் சொல்ல எழுந்தேன். கதவு வரை போனேன். கூட்டமாக இருக்கிறது என்று திரும்பிவிட்டேன். கூட்டமா? இரண்டே பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

22-8
சொல்லவில்லை.

26-8
கடைவீதியில் பாய் கூப்பிட்டார். "கறி எப்படியிருந்துச்சுங்க தம்பி? உங்க புண்ணியத்துல இப்ப நானும் ஒரு கை பாக்கறேன்." சிரித்தேன். வேறென்ன செய்தேன்? சிரித்தேன். தூ, நானெல்லாம் ஒரு மனுசன்.

1-9, ஞாயிறு
கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன், பாய் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். சாமியார் கேட்டார்: "எங்கிட்டச் சொல்லிட்டே, சரி. அவர்கிட்டச் சொன்னியா?" நாளைக்குச் சொல்கிறேன் சாமி என்றேன்.

2-9
காலை பதினொரு மணிக்குக் கடையிலேயே பாய் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் எடுத்துவந்து பார்த்தேன். 324.

முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அங்கே வந்திருந்த எங்கள் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டு மூணு வாரத்துல இப்படி ஏறுமா?" என்றார். பக்கத்தில் ரபியாம்மா முக்காட்டை வாயில் அடக்கிக்கொண்டு அழுகிறார். "எங்கையாலதானுங்க நெய்ய ஊத்துனேன். நானே அவரக் கவுத்துட்டேனுங்க." "கொஞ்சம் பாத்துப் போட்டிருக்கலாம்மா" என்றார் டாக்டர். பழி அந்தம்மா தலையில விழுது, நான் கம்முனு நிக்கிறேன். எப்படிடா நின்னே சூசை?

3-9
சாப்பாடு இறங்கவில்லை. இன்பமேரி விடாமல் கேட்டாள், சொன்னேன். "அவங்கூட்டுச் சோத்தத் தின்னமேங்க. போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. அப்புறந்தான் எம்மூஞ்சியில முழிக்கோணும்."

4-9
சொல்லிவிட்டேன். முதலில் டாக்டரிடம். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "கொழுப்பு இல்லாம உடம்பே இல்லே சூசை. மிஞ்சினதுதான் ரத்தக்குழாயில படியுது. பாய்க்கு அது இருபது வருசமாப் படிஞ்சது, ரெண்டு வார நெய்ச்சோறு இல்லே. ஆனா அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருந்தா அவரைக் கடைக்கு அனுப்பியிருக்க மாட்டேன்."

பிறகு ஆஸ்பத்திரியில், பாய் அறை வாசலில் ரபியாம்மாவிடம். "உங்க நெய் இல்லீங்கம்மா. நான் தப்பா எழுதிக் கொடுத்துட்டேன். தெரிஞ்சும் சொல்லலீங்க." அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாய் கட்டிலில் கண் திறந்துதான் படுத்திருந்தார். கேட்டிருக்கும்.

5-9
வேலையை விடுகிறேன் என்றேன். "ஓடிப் போறது சுலபம்" என்றார் டாக்டர்.

19-10
பாய் வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். போன தடவை உடனே கிளம்பிவிட்டார். இன்று போகவில்லை.

"நீங்க பண்றத இங்கயே உக்காந்து பாக்கலாமுங்களா?"

தம்பி என்று கூப்பிடவில்லை. இருந்த ஒரே முக்காலியை அவருக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே செய்தேன். அளவு தெரிந்த கரைசலையும் கூட வைத்து ஒத்துப் பார்த்தேன்; முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவர் கண் என் கையை விட்டு நகரவேயில்லை.