கூம்புக்குள் குடிவந்தவர்கள்

13 ஏப்ரல் 2025, ஞாயிறு

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஈஸ்டர் விடியலில், ஆயர் வீட்டு மொட்டைமாடிக் கூம்பு ஸ்பீக்கரில் தெருவையே எழுப்பும் மைக், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக் களைத்த இஸ்ரேல் ஆகிய என்னிடம் ஒப்படைக்கப்பட இருக்கிறது. மூன்று வருஷமாகக் கேட்ட மைக்.

தங்கச்சி ஹன்னா சொன்னாள்: "உன் குரலுக்கு செத்தவங்களே எழுந்துடுவாங்க."

அன்றைக்கு அதுதானே விசேஷம்?

இன்று குருத்தோலை ஞாயிறு. சண்டே ஸ்கூல் கிருபாபாய் டீச்சர் ஓலையில் முடைந்த சிலுவை, வீட்டுக்கு ஒன்று. வராதவர்களுக்கு, அதாவது ஸ்ரீ சிட்டி கம்பெனிகளுக்கு ஷிப்ட் போனவர்களுக்கும், திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் யமுனா அக்காவுக்கும், பன்னிரண்டைக் கொத்தாகக் கட்டி சர்ச் வராந்தா ஆணியில் மாட்டியிருக்கிறார்.

15 ஏப்ரல், செவ்வாய்

கொத்தில் எட்டுதான் இருக்கிறது. டீச்சர் எண்ணினார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கிறிஸ்துமஸ் குடிலில் ஒட்டகத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டியது நான்தான். அதுக்காக ஊர்ல காணாமப்போறது எல்லாமா?

"ஏமிரா இஸ்ரேல், வெள்ளிக்கிழமைக்குள்ள சிலுவை வரலன்னா மைக் ஹன்னாவுக்கு."

நான் குற்றமற்றவன். பாலைப் போல வெள்ளை.

16 ஏப்ரல், புதன்

திருடன் சிக்கினான்!

வராந்தாவில் படுத்துக்கினு மூன்று மணி நேரம் காவல் காத்தேன். வந்தது ஒரு சிட்டுக்குருவி. ஆண். கழுத்தில் கறுப்புக் கைக்குட்டை கட்டிய ரவுடி. சிலுவையின் ஒரு நுனியைக் கடித்து, தலையை ஆட்டி ஆட்டி நாராக உருவிக்கொண்டு பறந்தான். பின்னாலேயே ஓடினேன். ஆயர் வீட்டு மாடி. கூம்பின் வாய்க்குள் கூடு! வைக்கோல், பஞ்சு, மெத்தை மாதிரி குருத்தோலை. உள்ளே நாலு முட்டை.

சித்தூர் சிட்டுக்கு சர்ச்சில் சீட்டு. சந்தா கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது, பரிசுத்த ஓலையில் படுக்கை. எனக்கு முன்வரிசையில் உட்காரவே அனுமதி இல்லை.

நாளைக்குக் காட்டிவிடுவேன். மைக் எனக்கே.

17 ஏப்ரல், வியாழன்

காட்டவில்லை.

சர்ச்சையும் ஒயரையும் பார்த்துக்கொள்ளும் அசரியா மாமா சொன்னார்: "சனிக்கிழமை கூம்பத் தொடைச்சி டெஸ்ட் பண்ணணும்டா. போன வருஷமும் ஒரு மொறம் குருவிக் குப்பை."

ஒரு மொறம். முட்டையோடவா மாமா? கேக்கல.

சும்மா இருந்தால் நான் திருடன், கூடு குப்பை. காட்டினால் நான் நல்லவன் — ஆனால் கூம்பில் குருவி இருந்தால் மைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாக்கு வழிப்பதா?

18 ஏப்ரல், புனித வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை, ஏழு பிரசங்கம். ஜன்னல் வழியே கூம்பைப் பார்த்துக்கினு இருந்தேன். பெட்டைக்குருவியின் வால் மட்டும் தெரிந்தது. அசையவே இல்லை. நான் ஜெபத்தில் கண் மூடினால் இரண்டாவது நிமிஷமே யார் தூங்குகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். இதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், இப்படி உட்கார?

ஆராதனை முடிந்ததும் டீச்சரை மாடிக்குக் கூட்டிப்போனேன். புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். ரொம்ப நேரம் எட்டிப் பார்த்தார். இறங்கி, அசரியா மாமாவிடம்: "கூம்பை எவனும் தொடக்கூடாது."

"அப்ப தெருவ எவன் எழுப்பறது டீச்சர்?"

"இவனுக்குத் தொண்டை இல்லியா?"

போச்சு மைக்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

விடியற்காலை நாலு மணிக்கு மூன்று தெரு நடந்து கத்தினேன். ஏழு நாய்கள் கோரஸ். பால்கார முனிசாமி அண்ணன் சைக்கிள் பெல் அடித்துக்கினு கூடவே வந்தார், அவர் எங்கள் சபைகூட இல்லை. திரும்பி வரும்போது கூம்பிலிருந்து கீச்கீச். அவனுக்கும் மைக் இல்லை, தெருவுக்கே கேட்டது.

ஆராதனை முடிவில் டீச்சர் எழுந்து, எல்லார் முன்னாலும்: "இந்தப் பிள்ளை மேல வீணா பழி போட்டேன். மன்னிச்சுக்கோ இஸ்ரேல்."

எங்க நைனா கண்ணைத் துடைத்தார். மத்தியானம் பிரியாணி. துன்னவே முடியல. நான்! பிரியாணியை!

21 ஏப்ரல், திங்கள்

பாலைப் போல என்று எழுதினேனே. அதில் கொஞ்சம் தண்ணீர்.

போன ஞாயிறு சாயங்காலம் கொத்திலிருந்து இரண்டு சிலுவையை உருவினது நான்தான். பிரித்து ஓலைப்பாம்பு முடைந்து ஹன்னா செருப்புக்குள் வைத்தேன். ஓடினாள் பார், அதைப் பற்றித் தனியாக எழுதலாம். ஆனால் உருவினதில் கட்டு தளர்ந்து, நுனியெல்லாம் வெளியே வந்துவிட்டது. அதுக்கப்புறம்தான் குருவிக்கு வாய்த்தது. ரவுடிக்கு வழிகாட்டியே நான்.

காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. ஒரு ஓலையைக் கையில் கொடுத்தார். "யமுனாவுக்கு இன்னும் போகல. முடைஞ்சு எடுத்துக்கினு போ."

நாலு தடவை பிரித்து முடைந்து, திருப்பதி பஸ் ஏறினேன். யமுனா அக்கா கட்டிலில் சாய்ந்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது, குருவி முடைஞ்ச மாதிரி கீது?"

"இல்லக்கா. குருவி இன்னும் நல்லா முடையும்."