பல் டாக்டரின் பாராட்டு

ஜூன் 3, செவ்வாய்

போர்ட்ஃபோலியோ தொடங்கிவிட்டேன். எழுத்தாளராக வேண்டுமென்றால் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் வேண்டியது ஒரு வலைப்பக்கம். அதன் உச்சியில் கன்னத்தில் கை வைத்தபடி என் படம். எடுத்தது அக்கா.

"பல் வலி மாதிரி இருக்கு. கையை எடு," என்றாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் பல் வலிதான்.

ஒரு வார இதழில் பயிற்சி எழுத்தாளர் ஒருவரை எடுக்கிறார்கள். போர்ட்ஃபோலியோ இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. கடைசித் தேதி பத்து. இது கிடைக்காவிட்டால் மாமாவின் டைல்ஸ் கடையில் பில் போட உட்கார வேண்டும். அப்பா முடிவே செய்துவிட்டார். மாமா எனக்காக நாற்காலிகூட வாங்கிவிட்டாராம்.

ஜூன் 5

இலவச டெம்ப்ளேட். ‘படைப்புகள்’ பெட்டியில் என் மூன்று கதைகளையும் போட்டேன்: ‘வெறுமையின் விளிம்பில்’, ‘மௌனத்தின் நிழல்’, ‘நிழலின் மௌனம்’.

அதற்குக் கீழே ‘வாசகர்கள் சொல்வது’ என்று ஒரு பெட்டி. நீக்க வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். காலியாக விட்டால் அவர்களே ஒரு பாராட்டைப் போட்டுவிடுகிறார்கள். கூரை வேலை செய்கிற யாருக்காகவோ செய்த டெம்ப்ளேட் போலிருக்கிறது. என் கதைகளைப் பற்றி வாசகர் சொல்வது இப்போது இதுதான்: "இவர் வந்துபோன பிறகு எங்கள் வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை."

கூடப் படிக்கிற முன்னுரையிடம் காட்டினேன். வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர். தன் நாவலுக்கு முன்னுரை எழுதி முடித்துவிட்டான், நாவல் இனிமேல்தான்.

"அப்படியே விட்டுடு. நவீனமா இருக்குன்னு நினைச்சுக்குவாங்க."

ஜூன் 7

சரி, நிஜமான பாராட்டையே வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

அப்பா: "நல்லா இருக்கு. எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

அம்மா: "இதுல யாரு செத்தது?" யாரும் சாகவில்லை என்றேன். "பின்ன ஏன் எல்லாரும் ஜன்னலையே பாத்துட்டு நிக்கறாங்க?"

முன்னுரை எழுத்தில் அனுப்பினான்: "இவரை நான் நன்கு அறிவேன். நன்னடத்தை உள்ளவர்." கதைக்குப் பாராட்டு கேட்டால் ஜாமீன் தருகிறான்.

ஜூன் 9

நானே எழுதிவிட்டேன். ஒரு லாரி ஓட்டுநர், ஓய்வுபெற்ற நீதிபதி, தலைமை நர்ஸ், வீட்டிலிருக்கும் ஒரு பெண்மணி, ஒரு பல் டாக்டர். கதை ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் என் உயிரை வாங்கியது. இந்த ஐந்து பேரும் ஒரே மத்தியானத்தில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். பல் டாக்டர்தான் எனக்குப் பிடித்தவர்:

"என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் வாயைத் திறந்ததும் பேச்சு நின்றுவிடும். பிறகு நான் மட்டும்தான் பேசுவேன். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் நான் மட்டும்தான் பேசுகிறேன். என் மனைவி குறுக்கிட்டதே இல்லை. இந்தக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில், ‘நிறுத்துங்க, எனக்கு ஒண்ணும் புரியல’ என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் அவள் என்னை நிறுத்தியிருக்கிறாள். எழுத்தாளருக்கு நன்றி."

பொய்தான். ஆனால் டெம்ப்ளேட்காரன் போட்ட பொய்யைவிட என் பொய் மேல் இல்லையா?

ஜூன் 10

அனுப்பிவிட்டேன்.

ஜூன் 18

இதழின் ஆசிரியரே கூப்பிட்டார். கணீரென்று ஒரு பெண் குரல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க கதை மூணும் படிச்சேன்மா."

"மேடம்..."

"அந்தப் பல் டாக்டர் எங்க இருக்காரு?"

"எந்த..."

"கீழ எழுதியிருக்காரே. என்னமா எழுதறாரு! எங்களுக்கு ஒரு தொடர் எழுதச் சொல்லுங்களேன். நம்பர் இருக்கா?"

"என் கதைங்க மேடம்?"

"அதை அப்புறம் பேசலாம். வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க."

ஜூன் 19

வயிறு எரிகிறது. இருக்கிற ஒரே இடம். அதற்கு என்னோடு போட்டி போடுவது யார்? நானே பெற்று வளர்த்த ஆள்!

அக்கா சொல்கிறாள்: "எங்க டாக்டரை வேணா கூட்டிட்டுப் போ. அவர் எழுதற மருந்துச் சீட்டே யாருக்கும் புரியாது. உனக்கு சரியா இருப்பார்."

முன்னுரை சொல்கிறான்: "டாக்டர் செத்துட்டாருன்னு சொல்லிடு." சொன்னால் அஞ்சலிக் கட்டுரை கேட்பார்கள்.

என்ன பண்றது இப்ப? யாரு எழுதச் சொன்னது என்னை? பேசாம அந்தக் கூரைக்காரனையே விட்டிருக்கலாம்ல...

ஜூன் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். "டாக்டர் எங்கம்மா?" என்றார். "நான்தான் மேடம்" என்றேன். நீதிபதி யார் என்றார். அதுவும் நான்தான். நர்ஸ்? நான்தான். லாரிக்காரரும் நானேதான். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். டைல்ஸ் கடை நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

"உன் கதையில ஒரு ஆளும் இல்ல. எல்லாரையும் கீழ பெட்டிக்குள்ள வச்சிருக்கே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கு வாசகர் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. பக்கம் மட்டும் வாராவாரம் வருது. இத்தனை நாள் எழுதினவர் ரிட்டயர் ஆயிட்டார். நீ எழுதறியா?"

பயிற்சி எழுத்தாளர்! அழுதேவிட்டேன். வீட்டில் மட்டும் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

ஜூலை 2

இந்த வாரம் நான் ஒரு மளிகைக் கடைக்காரர், ஒரு விதவை, இரண்டு மாணவர்கள். போன வாரம் நான் எழுதிய கடிதத்தை இந்த வாரம் நானே கண்டித்திருக்கிறேன். கொஞ்சம் காரமாகிவிட்டது. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

ஜூலை 25, வெள்ளி

என் கதை அச்சாகிவிட்டது! பல் டாக்டரின் மனைவியைப் பற்றியது. யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. கடைசிப் பத்தியில் அவள் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள். அம்மா படித்துவிட்டு, "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 29

அடுத்த இதழுக்கு என் கதையைப் புகழ்ந்து நானே மூன்று கடிதம் எழுதினேன். வெட்கமாக இருந்தது. மூன்றாவதில் அது கொஞ்சம் குறைந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒரு கடிதம் வந்திருக்கிறது. நான் எழுதாதது.

தபாலில் வந்தது, முகவரியோடு. அலுவலகத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள்.

"கதை படித்தேன். முடிவு சரியில்லை. அத்தனை வருடம் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் சும்மா போய்விட மாட்டாள். அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பாள். போவதா இருப்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எழுதியவர் அவசரப்பட்டுவிட்டார்."

உதவி ஆசிரியர், "திட்டி வந்திருக்கு. ஓரமா வை. நீயே நல்லதா ரெண்டு எழுதிடு," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் யார் என் கதாபாத்திரத்தைப் பற்றிச் சொல்ல? பஸ்ஸில் வரும்போதும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். இறங்கும்போது தோற்றுவிட்டேன். அவள் போயிருக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 9

போர்ட்ஃபோலியோவிலிருந்து ஐந்து பேரையும் அனுப்பிவிட்டு அந்தக் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன். "திட்டினதை யாராவது விளம்பரம் பண்ணுவாங்களா?" என்கிறான் முன்னுரை. அவனுக்குப் புரியாது. ஒருத்தர் கடைசிப் பத்திவரை படிச்சிருக்காருடா!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அந்த வாசகருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீதிபதியாக, நர்ஸாக, மளிகைக் கடைக்காரராகச் சரசரவென்று எழுதிய கை இது. நிஜமாக இருக்கிற ஒருவருக்கு நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை. ‘வணக்கம்’ என்று போட்டிருக்கிறேன். அதற்குமேல் ஒரு வரியும் வரவில்லை.